ஓடும் குருதியும் ஓடாத பூச்சியமும்

அணுக்கருக்களின் காந்த இயல்பைக் கொண்டு பாயும் திரவத்தின் வேகத்தை அறியலாம் என்ற எண்ணம், உடலின் உட்புறத்தைப் படமாக்கும் எம்.ஆர்.ஐ. கருவி உருவாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜே. ஆர். சிங்கர், எலியின் வாலில் ஓடும் குருதியின் வேகத்தை இம்முறையால் மதிப்பிட்டு 1959இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அதே பல்கலைக்கழகத்தின் எர்வின் ஹான், அணுக்கரு எதிரொலி எனும் நிகழ்வை 1950இல் கண்டறிந்து புகழ்பெற்றிருந்தவர், 1960இல் புவிப்பௌதிக இதழொன்றில் வெளியிட்ட மிகச் சிறிய கட்டுரையில் இதே அடிப்படையைக் கொண்டு கடல்நீரின் அசைவை அறிய முடியும் என்று காட்டினார். ஹானின் முறை கடலியலில் பெரிதாக வேரூன்றவில்லை; ஆனால் அவர் கடல்நீருக்கென்று எழுதிய கருத்தே, கால் நூற்றாண்டுக்குப் பின்னர் மனித இருதயத்தில் ஓடும் குருதியை அளக்கும் முறையாக மருத்துவத்துக்குள் நுழைந்தது.

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் வீதியில் கற்பிட்டிக்கான பாதை பிரிகின்ற பாலாவி, ஒருபுறம் களப்பும் மறுபுறம் உப்பளங்களுமாக உள்ள ஊர். களப்பிலிருந்து பாத்திகளுக்கு எவ்வளவு நீர் ஏறுகிறது என்று அறிய வேண்டுமாயின் வாய்க்காலின் குறுக்குப் பரப்பையும் நீரின் வேகத்தையும் பெருக்க வேண்டும். வேகம் மட்டும் தெரிந்தால் போதாது, பரப்பு மட்டும் தெரிந்தாலும் போதாது. இருதயத்தைப் பற்றி வைத்தியர்கள் கேட்கும் கேள்விகளும் இவ்விரண்டாகவே பிரிகின்றன. ஒரு வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது வேகத்தைப் பற்றிய கேள்வி. ஒரு துடிப்பில் எத்தனை மில்லிலீற்றர் குருதி முன்னே சென்றது, எத்தனை பின்னே கசிந்தது, எத்தனை தவறான வழியால் போனது என்பவை அளவைப் பற்றிய கேள்விகள். எம்.ஆர்.ஐ. இவற்றுள் இரண்டாவது வகைக்கே சிறந்த விடை தருகிறது என்பதும், அந்த விடையின் நம்பகத்தன்மை ஓடாத இழையத்தின் வேகத்தைக் கருவி எவ்வளவு சரியாகப் பூச்சியம் என்று காட்டுகிறது என்பதில் தங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

உடலில் மிகுதியாக உள்ளது நீர். நீரின் ஐதரசன் அணுக்கருவான புரோத்தன் ஒவ்வொன்றும் நுண்ணிய காந்தம்போல நடந்துகொள்ளும். வலிய காந்தப் புலத்துக்குள் வைக்கப்படும்போது அது பம்பரத்தின் அச்சு சாய்ந்து சுற்றுவதைப் போன்ற ஓர் அசைவை மேற்கொள்கிறது. அந்த அசைவு ஒரு செக்கனில் எத்தனை முறை நிகழ்கிறது என்ற எண்ணிக்கை, அதாவது அதன் மீடிறன், புலத்தின் வலிமைக்கு நேர்விகிதமானது: 1 தெஸ்லா புலத்தில் ஏறத்தாழ 4 கோடி 26 இலட்சம் தடவைகள், வைத்தியசாலைகளில் பரவலாக உள்ள 1.5 தெஸ்லா கருவியில் ஏறத்தாழ 6 கோடி 40 இலட்சம் தடவைகள். சுற்றும் புரோத்தன் ஒரு கணத்தில் சுற்றின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையே பௌதிகர் அவத்தை என்பர். சாதாரண எம்.ஆர்.ஐ. படம், திரும்பிவரும் சைகையின் வலிமையைக் கொண்டு வரையப்படுகிறது. குருதியோட்டத்தை அளப்பதற்கோ, பலகாலம் வேண்டாத பொருளாக ஒதுக்கப்பட்டிருந்த இந்த அவத்தையே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அளக்கும் உத்தி எளிமையானது. பிரதான காந்தப் புலத்தின் மேல், ஒரு திசையில் செல்லச் செல்ல வலிமை சிறிது சிறிதாகக் கூடும் இன்னொரு புலம், அதாவது படித்திறன் புலம், ஒரு மில்லி செக்கன் அளவு நேரத்துக்குப் பிரயோகிக்கப்படுகிறது. புரோத்தன்கள் தாம் இருக்கும் இடத்துக்கேற்ப முன்னும் பின்னுமாக அவத்தை பெறுகின்றன. உடனே அதே படித்திறன் எதிர்த்திசையில் திருப்பப்படுகிறது. இடம் மாறாத புரோத்தன் முதலில் பெற்றதை முழுமையாக இழந்து பூச்சியத்துக்கு மீள்கிறது. செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் குருதியிலுள்ள புரோத்தனோ அந்த ஒரு மில்லி செக்கனுக்குள் 1 மில்லிமீற்றர் நகர்ந்துவிட்டிருப்பதால், அது பெற்றதும் இழப்பதும் சமமாவதில்லை. எஞ்சிநிற்கும் கோணம் அதன் வேகத்துக்கு நேர்விகிதமாக இருக்கும். வேறு காரணங்களால் வரும் அவத்தை மாற்றங்களை நீக்குவதற்காக, படித்திறனின் அமைப்பை மாற்றி இரு தடவை அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பர். பால் லாட்டர்பர் 1973இல் காந்த ஒத்ததிர்வைக் கொண்டு முதற்படம் எடுத்ததன் பின்னர், பால் மோரன் 1982இல் இந்த வேகக் குறியீட்டைப் படமெடுப்புடன் இணைக்கும் வழியை முன்வைத்தார். 1986இல் இலண்டனில் நெய்லர், ஃபேர்மின், லாங்மோர் ஆகியோர் இருதயத் துடிப்பு முழுவதையும் தொடர்படமாக எடுத்து அதில் குருதியின் வேகத்தைக் காட்டினர். அம்மூவருள் டொனால்ட் லாங்மோர், 1968இல் பிரித்தானியாவின் முதல் இருதய மாற்றுச் சத்திரசிகிச்சைக் குழுவிலும் இடம்பெற்றவர்.

கோணத்தைக் கொண்டு வேகத்தைக் குறிப்பதில் ஒரு பொறி உண்டு. சுற்றின் அரைப்பங்கான 180 பாகைக்கு மேல் போகும் கோணத்தை எதிர்த்திசைக் கோணத்திலிருந்து பிரித்தறிய இயலாது. எனவே அளக்க விரும்பும் உச்ச வேகம் எதுவோ அதற்குப் பொருத்தமாகக் கருவியை முன்கூட்டியே அமைக்க வேண்டும். பெருநாடிக்குச் செக்கனுக்கு 150 சென்ரிமீற்றர் என்று வைப்பது வழக்கம். அவ்வாறு வைத்துவிட்டு 180 சென்ரிமீற்றர் வேகத்தில் பாயும் குருதியை அளந்தால், கருவி அதை எதிர்த்திசையில் 120 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுவதாகக் காட்டும். எல்லையை மிக உயர்த்திவைத்தால் இந்தத் தவறு நீங்கும், ஆனால் மெதுவான ஓட்டங்கள் இரைச்சலில் மூழ்கிப்போகும். படமெடுப்பவரின் அனுபவம் எங்கே தேவைப்படுகிறது என்று கேட்பவருக்கு இதுவே முதல் விடை.

பெருநாடியின் குறுக்குவெட்டை எடுத்துக்கொண்டால், 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்ரிமீற்றர். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 1.5 மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரம் எனில், அப்பரப்பை 300க்குச் சற்று அதிகமான புள்ளிகள் நிரப்பும்; ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தைச் சொல்லும். நிமிடத்துக்கு 75 தடவை துடிக்கும் இருதயத்தின் ஒரு துடிப்பு 800 மில்லி செக்கன். அதை 30 துண்டுகளாக்கினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 மில்லி செக்கன். ஒவ்வொரு துண்டிலும் 300 புள்ளிகளின் வேகத்தைப் பரப்பால் பெருக்கிக் கூட்ட, அத்துடிப்பில் வெளியேறிய குருதியின் அளவு 70 மில்லிலீற்றரை அண்டி வரும். நிமிடத்துக்கு 5 லீற்றருக்குச் சற்று மேல். ஊடுகதிரோ ஊசிமூலம் ஏற்றும் சாயமோ இதற்குத் தேவையில்லை. நோயாளி 10 முதல் 20 செக்கன்வரை மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தால் போதும்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். 'எக்கோ' என்று கிளினிக்கில் எல்லோரும் அறிந்த மீயொலிப் பரிசோதனை இருக்கையில் இத்தனை பெரிய இயந்திரம் எதற்கு? சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்பவர் 1953இல் இருதயத்தின்மேல் மீயொலியைப் பிரயோகிக்கத் தொடங்கியபோது அவர் அறிய விரும்பியது இருகூர் வால்வின் சுருக்கத்தைத்தான். 1970களின் இறுதியில் நோர்வேயைச் சேர்ந்த லிவ் ஹாட்லே, சுருங்கிய வால்வினூடாகச் சீறிப்பாயும் குருதியின் வேகத்திலிருந்து வால்வின் இருபுறத்து அழுத்த வேறுபாட்டைக் கணிக்கும் முறையை நோயாளரிடம் நிலைநாட்டினார்: வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்குவதே அந்தக் கணக்கு. வேகம் செக்கனுக்கு 4 மீற்றர் எனில் வேறுபாடு 64 மில்லிமீற்றர் இரசம். தொண்டை அழற்சியைத் தொடரும் வாதக் காய்ச்சலால், அதாவது ருமாட்டிக் காய்ச்சலால், வால்வு தடித்துச் சுருங்கும் நோயே இலங்கை உள்ளிட்ட தெற்காசியாவில் இளவயதினரை நீண்டகாலம் வாட்டிவந்த இருதய நோய். நெரிசலான குடியிருப்புகளே இதை வளர்க்கும் சூழல் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அந்த நோயின் முதன்மையான கேள்வி வேகத்தைப் பற்றியது. ஒரு குறுகிய தாரையின் உச்ச வேகத்தைப் பிடிப்பதில் எக்கோ எம்.ஆர்.ஐ.யை வெல்கிறது, ஏனெனில் எம்.ஆர்.ஐ.யின் புள்ளி தாரையின் வேகமான நடுப்பகுதியையும் மெதுவான ஓரத்தையும் சேர்த்துச் சராசரியாக்குகிறது, கொந்தளிப்பு மிகுந்த இடத்திலோ அவத்தைகள் குழம்பிச் சைகையே மறைந்துவிடுகிறது. போதாததற்கு, இருகூர் வால்வு நாட்பட்டுச் சுருங்கியவர்களில் பலருக்கு மேலறையான சோணை ஒழுங்கின்றி நடுங்குகிறது, எம்.ஆர்.ஐ.யின் தொடர்படம் பல துடிப்புகளின் துண்டுகளைச் சேர்த்து நெய்யப்படுவதால், துடிப்பு ஒவ்வொன்றும் வேறுவேறு நீளமாக இருக்கும் நெஞ்சில் அந்த நெசவு பிசகுகிறது. ஆகவே புத்தளக் கரையோரத்தின் வாதக் காய்ச்சல் நோயாளியைக் கொழும்புக்கு எம்.ஆர்.ஐ.க்கென்று அனுப்புவதில் பெரும்பாலும் பொருளில்லை. அவருக்குத் தேவை தரமான எக்கோவும், தவறாமல் போடப்படும் பென்சிலின் ஊசியுமே.

அளவைப் பற்றிய கேள்விகளில் நிலைமை மாறுகிறது. இடது இதயவறை ஒரு துடிப்பில் 120 மில்லிலீற்றர் சுருங்குகிறது என்று தொடர்படமும், பெருநாடியில் 75 மில்லிலீற்றரே சென்றது என்று ஓட்ட அளவீடும் சொன்னால், எஞ்சிய 45 மில்லிலீற்றர் கசியும் இருகூர் வால்வினூடாகப் பின்னோக்கிச் சென்றிருக்க வேண்டும்; கசிவின் பங்கு 37.5 சதவீதம். எக்கோவில் கண்ணால் பார்த்து 'மிதமானது', 'கடுமையானது' என்று சொல்லப்படும் ஒன்று இங்கே எண்ணாகிறது. 'இருதயத்தில் ஓட்டை' என்று ஊரில் சொல்லப்படும் தடுப்புச்சுவர்க் குறைபாட்டில், நுரையீரல் நாடியிலும் பெருநாடியிலும் ஓட்டத்தைத் தனித்தனியே அளந்து ஒன்றை மற்றதால் வகுத்தால் ஓட்டையின் சுமை நேரடியாகத் தெரியும். நலமான இருதயத்தில் இந்த விகிதம் 1, 1.5ஐத் தாண்டினால் மூடுவது பற்றிச் சிந்திப்பர். இம்முறைக்கு உள்ளேயே ஒரு சரிபார்ப்பும் அமைந்திருக்கிறது: ஓட்டையோ கசிவோ இல்லாத ஒருவரில் இரண்டு குழாய்களின் ஓட்டமும் சமமாக வரவில்லையென்றால் பிழை நோயாளியிடம் அல்ல, அளவீட்டில்.

கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிறவி இருதயக் குறைபாடுகளுக்குச் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகும்போது இக்கணக்கு இன்னும் முக்கியமாகிறது. உடல் நீலம் பாரிக்கும் ஃபலோ நான்கமைக் குறைபாட்டைக் குழந்தைப் பருவத்தில் சீர்செய்யும்போது நுரையீரல் நாடியின் குறுகலை வெட்டி அகலமாக்குவர். அதன் விலையாக அந்த வால்வு பல ஆண்டுகள் கசிந்துகொண்டிருக்கும், வலது இதயவறை மெல்ல மெல்ல விரியும். அந்த மனிதர் வேலைக்குப் போவார், களப்பில் வலை வீசுவார், உப்பு மூட்டையும் சுமப்பார். அவருக்கு எந்தத் தொந்தரவும் தோன்றாதிருக்கலாம். புதிய வால்வைப் பொருத்த வேண்டிய காலம் எது என்பதை அவருடைய சொல்லைக் கொண்டு தீர்மானித்தால் காலம் கடந்துவிடும். வலது இதயவறையின் கொள்ளளவையும் கசிவின் பங்கையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க எம்.ஆர்.ஐ.யை விஞ்சிய வழி இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும், ஒழுங்கற்ற வடிவமுள்ள அந்த அறையை எக்கோ சரியாகக் காண்பதில்லை.

இவற்றைவிடக் கடினமான கேள்வி, குறைபாடு தாமதமாகக் கண்டறியப்பட்ட பிள்ளையைப் பற்றியது. இதயவறைகளுக்கிடையே பெரிய ஓட்டையுள்ள பிள்ளையில் நுரையீரலுக்கு மிகையான குருதி ஆண்டுக்கணக்காகப் பாய்ந்தால் அங்குள்ள நுண்குழாய்கள் தடித்து இறுகிவிடும். இறுகியபின் ஓட்டையை மூடுவது பிள்ளையைக் காப்பாற்றாது, கொல்லவும்கூடும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைத் தடை என்ற எண்ணால் குறிப்பர்: நுரையீரலின் இருபுறத்து அழுத்த வேறுபாட்டை ஓட்டத்தால் வகுக்க வருவது அது. நாடியின் சராசரி அழுத்தம் 50, இடது சோணையின் அழுத்தம் 10 என்க. ஓட்டம் நிமிடத்துக்கு 10 லீற்றர் எனில் தடை 4, ஓட்டம் 5 லீற்றர்தான் எனில் தடை 8. முன்னதில் மூடுவது பற்றிப் பேச இடமுண்டு, பின்னதில் பெரும்பாலும் இல்லை. அழுத்தத்தைக் குழாய் செலுத்தி நேரே அளக்கலாம். ஓட்டத்தையோ, அடோல்ஃப் ஃபிக் 1870இல் வகுத்தபடி உடல் உறிஞ்சும் ஒட்சிசனிலிருந்து கணிக்க வேண்டும்; அந்த உறிஞ்சும் அளவை நேரில் அளக்காமல் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்வதே நடைமுறையில் மலிந்தது. நுண்குழாய்கள் இன்னும் தளரக்கூடியவையா என்று சோதிக்கத் தூய ஒட்சிசனும் நைத்திரிக் ஒட்சைட்டும் சுவாசிக்கக் கொடுக்கும்போது இந்தக் கணக்கு மேலும் ஆட்டங்காண்கிறது. இலண்டனில் விவேக் முத்துரங்கு, ரெசா ரசாவி ஆகியோரைக் கொண்ட குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் குறுக்கிட்டது: குழாயால் அழுத்தத்தை அளக்கும் அதே வேளையில் ஓட்டத்தை எம்.ஆர்.ஐ.யால் அளந்து இரண்டையும் சேர்த்தே தடையைக் கணித்தார்கள். ஒரு பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை உண்டா இல்லையா என்ற முடிவு, அட்டவணையிலிருந்து கடன்வாங்கிய ஓர் எண்ணின்மேல் நிற்க வேண்டிய அவலத்தை அது குறைத்தது.

இனிப் பூச்சியத்துக்கு வரலாம். படித்திறன் புலத்தை மில்லி செக்கனுக்குள் ஏற்றி இறக்கும்போது கருவியின் உலோகப் பாகங்களில் சுழிமின்னோட்டங்கள் பிறந்து, அசையாத இழையத்துக்கும் சிறியதோர் அவத்தையைப் பூசிவிடுகின்றன. இரு தடவை அளந்து கழித்தாலும் இது முழுதாகப் போவதில்லை. மார்புச் சுவரும் ஈரலும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கருவி சொல்லும்; செக்கனுக்கு 0.6 சென்ரிமீற்றர் வேகத்தில் என்று வைத்துக்கொண்டால், பெருநாடியில் 100 சென்ரிமீற்றருக்கு மேல் பாயும் குருதிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் குருதி துடிப்பின் மூன்றிலொரு பங்கு நேரமே வேகமாகப் பாய்கிறது, இந்தப் பொய்யான வேகமோ துடிப்பு முழுவதும், குழாயின் பரப்பு முழுவதும் கூட்டப்படுகிறது. 7 சதுர சென்ரிமீற்றர் பெருநாடியில் 0.6 சென்ரிமீற்றர் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். 5 லீற்றரில் 5 சதவீதம். பெருநாடி 4.5 சென்ரிமீற்றருக்கு விரிந்த நோயாளியில் பரப்பு 16 சதுர சென்ரிமீற்றரை நெருங்குவதால் அதே பிழை 570 மில்லிலீற்றராகிறது. அளவீடு யாருக்கு மிகவும் தேவையோ அவரிடமே அது மிகுதியாகப் பிழைக்கிறது. பீட்டர் கேட்ஹவுசும் பலரும் பல நிறுவனங்களின் கருவிகளை ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்த 0.6 சென்ரிமீற்றர் எல்லையைப் பல கருவிகள் மீறுவதைக் காட்டியது.

பரிகாரம் வியப்பளிக்கும் அளவுக்கு எளியது. நோயாளி இறங்கியபின் அதே மேசையில் நீரோ கெட்டியான ஜெலியோ நிரப்பிய பெரிய கலனை வைத்து, ஓர் அமைப்பையும் மாற்றாமல் அதே அளவீட்டைத் திரும்பச் செய்தால், ஓடாத பொருளுக்குக் கருவி என்ன வேகம் சொல்கிறது என்பது இடம்வாரியாகத் தெரிந்துவிடும். அதை நோயாளியின் படத்திலிருந்து கழித்துவிடலாம். அடுத்த நோயாளி வாசலில் காத்திருக்கும் அலுவல் மிகுந்த நிலையங்களில் இதற்கு மனம் ஒப்புவதில்லை என்பதால், மார்புச் சுவர் போன்ற அசையாத பகுதிகளைக் கொண்டு மென்பொருளே திருத்திக்கொள்ளும் வழியும் உண்டு. ஆனால் இருதயத்தின் அருகில் அசையாத இழையம் குறைவு என்பதால் அந்தத் திருத்தம் சில வேளை பிழையைக் கூட்டவும் செய்கிறது. கசிவு இத்தனை சதவீதம் என்று தசமப் புள்ளியுடன் அச்சாகிவரும் அறிக்கையைக் கையில் வாங்கும் வைத்தியர், பூச்சியம் சரிபார்க்கப்பட்டதா என்று கேட்பது குறைகாண்பது ஆகாது.

ஒரு தளத்தில் மட்டுமன்றி மூன்று திசைகளிலும் வேகத்தை அளந்து, மார்பின் முழுக் கனவளவையும் துடிப்பின் எல்லாக் கணங்களிலும் பதிவுசெய்யும் நாற்பரிமாண முறை 1990களில் சுவீடனின் லிங்ஷோப்பிங் நகரிலும் பின்னர் பிற இடங்களிலும் வளர்ந்தது. சோணைகளுக்குள் நுழையும் குருதி முட்டிமோதிச் சிதறாமல், வளைந்து சுழன்று அடுத்த அறையின் வாயிலை நோக்கித் திரும்புகிறது என்பதைப் பிலிப் கில்னரும் சகாக்களும் காந்த அளவீட்டைக் கொண்டு 2000இல் 'நேச்சர்' இதழில் காட்டினர். இருதயத்தின் முறுக்கிய வடிவம் வெறும் கருவளர்ச்சியின் எச்சமன்று என்று அக்கட்டுரை முன்வைத்த வாதம், இன்னும் முழுதாக நிறுவப்படாவிட்டாலும், அழகானது. வண்ணக் கோடுகளாகச் சுழலும் இப்படங்களின் கவர்ச்சியைவிட நடைமுறையில் பெரிய நன்மை வேறொன்று: எந்தக் குழாயை எந்த இடத்தில் வெட்டிப் பார்ப்பது என்பதைப் பதிவு முடிந்தபின், வேறொரு நகரிலிருந்தும் தீர்மானிக்கலாம். முன்பு, பிறவிக் குறைபாடுகளின் சிக்கலான அமைப்பை அறிந்த நிபுணர் கருவியின் அருகிலேயே நின்று தளம் தளமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு சிறிய நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருப்பர்.

பாலாவிக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற் திறனுடன் நாட்டின் மின்தேவையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் மீகடத்திக் காந்தம் தன் புலத்தைக் காக்க அந்த மின்சாரத்தை வேண்டுவதில்லை. ஆயினும் அதைக் குளிர்த்தி வைத்திருக்கும் திரவ ஈலியம் கொதித்தாவியாகாமல் தடுக்கும் குளிரூட்டி இரவும் பகலும் ஓடியாக வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நீண்ட காலத்தில், மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் தேடுவதும் எம்.ஆர்.ஐ. நடத்துவதன் ஒரு பகுதியாக இருந்தது. ஒரு சில லீற்றர் ஈலியத்தையே மூடிய கொள்கலனில் வைத்திருக்கும் புதிய காந்தங்களும், 0.55 தெஸ்லா அளவுக்குப் புலத்தைக் குறைத்த கருவிகளும் இந்தச் சுமையைத் தணிக்கின்றன. புலம் குறைந்தால் சைகையும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஓட்ட அளவீட்டுக்குக் கேடு செய்யும் புலத் திரிபுகளுட் சில அங்கு குறைவு.

புத்தளம் மாவட்டம் அடங்கிய வடமேல் மாகாணத்திலேயே, இருதயத்துக்கு எம்.ஆர்.ஐ.யின் தேவை மறுக்கமுடியாத ஒரு பெருங்கூட்டம் உண்டு. குருநாகலில் தனி நிலையம் அமைத்துப் பராமரிக்கப்படும் தலசீமியா நோயாளர்கள், மாதந்தோறும் குருதி ஏற்றப்படுவதால் சேரும் இரும்பு இருதயத் தசையில் படிந்து, நெஞ்சு திடீரெனத் தளரும் ஆபத்துடன் வாழ்பவர்கள். அந்த இரும்பை அளக்கப் பயன்படுவதும் அதே புரோத்தன், அதே காந்தம்: சைகை தேயும் காலம் 20 மில்லி செக்கனுக்குக் கீழே போனால் இரும்பு படிந்திருக்கிறது, 10க்குக் கீழே போனால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று இலண்டனில் 2001 முதல் வெளியான ஆய்வுகள் நிறுவின. ஒரே மூச்சடக்கலில் முடியும் அளவீடு அது. அவ்வாறு படுத்திருப்பவரின் பெருநாடியில் ஓட்டத்தையும் அளக்க இன்னும் ஒரு மூச்சடக்கல் போதும். கலனை வைத்துப் பூச்சியம் பார்க்க மேலும் சில நிமிடங்கள்.